தூக்கிப் பார்த்துச் சொல்லுபவர்

தீவுப்பகுதியில் மோட்டார் சைக்கிளை நம்பி வாழும் உயிரினங்கள் பல உண்டு. அதை ஓட்டுகிறவர் ஓர் இனம். அது நின்றுவிட்டால் திருத்துகிறவர் இன்னோர் இனம். மத்தியானத்தில் அதன் சீற்றில் படுத்துக் கிடக்கும் பூனையையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும்விடத் தொகையில் கூடியதும், வெய்யில் மழை பாராமல் எந்தச் சந்தியிலும் தானாக முளைக்கக்கூடியதும், ஒரு பிளேன்ரீயோடு இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கக்கூடியதுமான இனம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் எந்தச் சைக்கிளை வாங்க வேண்டும் என்று சொல்லுகிறவர் இனம்.

இவரை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தால் என்ன என்று மனதுக்குள் நினைத்தபடி படலையைத் திறந்து ஒழுங்கைக்கு வந்து நில்லுங்கள். ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டீர்கள். வீட்டிலும் மூச்சு விட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் மதில் மூலையில் ஒருவர் நின்று, "என்ன, சைக்கிள் எடுக்கப் போறியளாம், ஆரைக் கேட்டு?" என்பார். கடைசி இரண்டு சொல்லையும் கவனியுங்கள். நீங்கள் எதை எடுக்கப் போகிறீர்கள் என்பது அவருக்குக் கவலையில்லை.

இனத்தின் பெருமையை விளக்குவதற்கு ஒரு நல்ல மாதிரி வேண்டும். நாரந்தனைக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் ஆழ்வாப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்துநாலு. ஊருக்கு ஆழ்வாரண்ணை. இதுவரை பதினேழு பேருக்குச் சைக்கிள் தெரிந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பதினேழு பேரும் இப்போது எங்கே என்று கேட்டால், பதினொருவர் வெளிநாட்டில் என்பார். சைக்கிள் ராசியாக அமைந்ததால்தான் போனார்கள் என்பது அவருடைய எண்ணம். மற்ற ஆறு பேரும் அவரைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போகிறார்கள்.

அவரிடம் இருப்பது தொண்ணூறு சீசீ பழைய சைக்கிள். பெற்றோல் குழாயைத் திறந்து, இடப்பக்கம் சரித்து, ஏழு வரை எண்ணி, நிமிர்த்தி, சோக்கை அரைவாசி இழுத்து, மூன்று தரம் சும்மா உதைத்து, நாலாம் தரம் மனதார உதைத்தால் அது புறப்படும். அவருக்கு மட்டுமே புறப்படும். வேறு கால் பட்டால் அது கிடந்தபடி கிடக்கும். மாட்டு வண்டில்கள் மறைந்துபோன பிறகு அவர் முந்திச் செல்வதற்கு வீதியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதனாலெல்லாம் அவருடைய அறிவு குறைந்துவிடுமா? ஓடுகிறவனுக்கு ஓடுகிற வேலை. அறிவு வளர நின்று பார்க்க வேண்டாமா?

அவர் சைக்கிளைச் சோதிக்கும் முறை எளிமையானது. எஞ்சின் சத்தத்தைக் கேட்க மாட்டார். பதிவுப் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் வருவார். சாரத்தை மடித்துக் கட்டுவார். பின்பக்கத்துக் கைபிடியைப் பிடித்து, மூச்சை இழுத்து, பின் சில்லு நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பும் வரை தூக்குவார். எழும்பினால் அந்தச் சைக்கிளைப் பற்றி மேலே கதைக்கலாம். எழும்பாவிட்டால், "வேண்டாம், வீட்டை போவம்."

ஏன் தூக்க வேண்டும்? அவருடைய இளவயதில் தீவுக்குத் தீவு சைக்கிளை வள்ளத்தில்தான் ஏற்றினார்கள். தூக்க முடியாத சைக்கிள் கரையிலேயே நின்றது. ஆகவே தீவான் வாங்குகிற சைக்கிள் தூக்கி வள்ளத்தில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாரந்தனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை கார்ப்பெற் றோட்டுப் போட்டாகிவிட்டதே என்று யாராவது சொன்னால், "நாளைக்கு எழுவைதீவிலை ஒரு செத்தவீடு எண்டால் என்ன செய்வீர்?" என்று கேட்பார். பதினேழு பேரில் ஒருவருக்கும் இன்றுவரை எழுவைதீவில் செத்தவீடு வரவில்லை. அது அவருடைய குற்றமல்ல.

இரண்டாவது விதியும் உண்டு. அது காற்று பற்றியது. சோளகம் பெயர்ந்துவிட்டால் பண்ணைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள், பக்கவாட்டில் காற்று. பாரம் குறைந்த சைக்கிளைக் காற்றுத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடும் என்பது ஆழ்வாரண்ணையின் முடிவு. ஆகவே சைக்கிள் பாரமாக இருக்க வேண்டும்.

இரண்டு விதியையும் சேர்த்துப் பாருங்கள். காற்றுத் தூக்கக் கூடாது. ஆழ்வாரண்ணை தூக்க வேண்டும். அப்படி ஒரு சைக்கிளை இன்னும் எந்த நாட்டிலும் செய்யவில்லை. அதனால்தான் அவரிடம் ஒரு விடயம் போனால் முடிவு வர எட்டு மாதம் எடுக்கிறது.

கோபிகாவிடம் எட்டு மாதம் இருக்கவில்லை. பதினெட்டு நாள் இருந்தது.

கோபிகாவுக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆசுபத்திரியின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை. பார்த்து, எண்ணி, எழுதிக் கையெழுத்து வைக்கிற வேலை. ஊகத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து காலை ஆறு மணிக்கு அவள்தான் ஆய்வுகூடத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாரந்தனையிலிருந்து எந்த பஸ்ஸும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. ஒன்றில் சொந்த வாகனம். அல்லது பட்டணத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, தாய் கேதீஸ்வரியை வீட்டில் தனியே விடுவது. தகப்பன் இறந்து இரண்டு வருடம். அவர் இருந்த காலத்தில் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைக்கூட இப்போது அந்த வீடு தேடிக்கொண்டிருந்தது. தாய் தனக்குத் தெரியாத விடயங்களில் முடிவெடுக்கப் பயந்து, முடிவுகளை ஒவ்வொன்றாக அயலுக்குக் கொடுத்துவிட்டாள். வாகனம் ஆழ்வாரண்ணைக்குப் போயிற்று.

"அண்ணை ஓம் எண்டால் நானும் ஓம். அவர் ஏலாது எண்டால் நீ அறையைப் பார்," என்றாள் கேதீஸ்வரி.

இதில் இன்னொரு சிக்கல், கோபிகாவுக்கு வேண்டியது ஸ்கூட்டி அல்ல. குனிந்து பிடித்து ஓட்டுகிற, முகத்தில் கண்ணாடி வைத்த, ஸ்போட்ஸ் பைக். உயர்தரம் படித்த காலத்தில் ரியூசன் கொட்டில் வாசலில் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. மச்சானின் நூற்றிருபத்தைந்தில் பழகி, இரண்டு மாதத்துக்கு முன்தான் லைசென்ஸ் கையில் வந்தது. காரைநகரில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக முகநூலில் கண்டாள். நீல நிறம், நூற்றைம்பது சீசீ, வெளிநாடு போன பிள்ளையின் சைக்கிள்.

சங்கக்கடைக்குப் போய் விடயத்தைச் சொன்னாள். ஆழ்வாரண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நீண்ட அமர்வுக்கு அடையாளம்.

"றேஸ் சைக்கிளோ பிள்ளை?"

"ஓம் மாமா."

"அது மனுசர் ஓடுற சைக்கிள் இல்லை. குனிஞ்சு குனிஞ்சு நாப்பது வயசிலை நாரி போயிடும். ஏன், ஸ்கூட்டி எடுத்தால் என்ன?"

"அப்ப ஸ்கூட்டி எடுக்கட்டே?"

"ஸ்கூட்டியோ? விசரே உமக்கு? சின்னச் சில்லு. தாம்போதிக் காத்துக்கு நிக்குமே?"

"அப்ப எதை எடுக்கிறது?"

"அவசரப்படக் கூடாது. நாங்கள் வேண்டிறது சைக்கிளை இல்லைப் பிள்ளை. அதின்ரை பாட்ஸைத்தான். பாட்ஸ் கிடைக்குமோ எண்டு முதல் பாக்க வேணும். பேந்து நம்பரைப் பாக்க வேணும். பேந்து சோளகம் முடிய விட்டு..."

"மாமா, எனக்கு முதலாந் திகதி வேலை."

"ஏன் உமக்கு உந்தச் சைக்கிளிலை இவ்வளவு பிடிப்பு?"

"எனக்கு விருப்பம்."

முப்பது வருட அனுபவத்தில் இப்படியொரு காரணத்தை அவர் சந்தித்ததில்லை. பெற்றோல் கணக்குக்கு அவரிடம் மறுமொழி இருந்தது. காற்றுக்கு இருந்தது. விருப்பத்துக்கு இருக்கவில்லை. ஆகவே அது காதில் விழாததுபோலக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, போய் ஒருக்காத் தூக்கிப் பாப்பம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் அவருடைய தொண்ணூறில் ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனார்கள். அங்கிருந்து காரைநகருக்குத் தொண்ணூறையும் ஏற்றிக்கொண்டு பாதையில் போக வேண்டும். பாதை என்றால் வீதி அல்ல. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற தட்டையான மிதவை. தரையில் போனால் அரை நாள் சுற்று. பாதையில் பத்து நிமிடம்.

சைக்கிள்காரர் தம்பிஐயாவின் வீடு காரைநகர்த் துறையிலிருந்து ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம். அறுபத்தெட்டு வயது மனிதர். மகன் நிலக்ஷன் கனடாவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. சைக்கிளை விறாந்தையில் ஏற்றி இரண்டு பழைய சேலையால் போர்த்து வைத்திருந்தார். உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் காலையில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பார். ஓட்டத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்த பிறகு திறப்பைப் போட்டு, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். பற்றறி இறங்காமல் இருக்க என்று சொன்னார். அந்தச் சத்தம் கேட்கிற பத்து நிமிடமும் அவருடைய மனைவி குசினிக்குள் பாத்திரம் கழுவாமல் நிற்பாள் என்பதை அவர் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மா, போர்வையை எடுக்கும்போது திரும்பிக்கொண்டதைக் கோபிகா கண்டாள்.

சேலை விலகியது. நீலம். கோபிகா ஓர் அடி முன்னால் வைத்தாள்.

ஆழ்வாரண்ணை ஒரு தரம் சுற்றி வந்தார்.

இந்த இடத்தில் தீவுப்பகுதியின் இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் வட்சப்பில் பார்த்து ஓம் சொல்லாமல் எந்தச் சாமானும் கைமாறாது. காணி, கல்யாணம், கறவை மாடு எல்லாவற்றுக்கும் இதுதான் நடைமுறை. தம்பிஐயா போனைத் தூக்கிப் பிடித்தார். அங்கே விடியற்காலை. நிலக்ஷன் குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு காரின் பின்சீற்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் நாரந்தனை ஆழ்வாப்பிள்ளை. பதினேழு சைக்கிள் தெரிஞ்சு குடுத்தனான்," என்றார் ஆழ்வாரண்ணை போனுக்குள் குனிந்து. "இதின்ரை பாரம் எவ்வளவு?"

"தெரியேல்லை அண்ணை. ஓடுற ஆள் ஆர்?"

"இந்தப் பிள்ளைதான். அது கிடக்கட்டும், காத்துக்கு எப்பிடி?"

"அக்காவைக் காட்டுங்கோ அப்பா." போன் திரும்பியது. "அக்கா, ஏறி இருந்து பாத்தனீங்களோ? கால் எட்டுதோ?"

முழு விவகாரத்திலும் ஒருவர் கோபிகாவை ஓடப்போகிற ஆளாக நினைத்துக் கேட்ட முதல் கேள்வி அது. "இன்னும் இருக்கேல்லைத் தம்பி," என்றாள்.

"அதைப் பாருங்கோ. முதல் சைக்கிளுக்கு அதுதான் அக்கா. இரண்டு காலும் நிலத்திலை பதிய வேணும். மற்றதெல்லாம் பழகலாம்."

ஆழ்வாரண்ணைக்கு இது பிடிக்கவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெடியன், அதுவும் சைக்கிளை விட்டுப் போனவன், காலைப் பற்றிக் கதைக்கிறான். பாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இருக்கிறது பேந்து," என்று சாரத்தை மடித்துக் கட்டினார். "முதல் தூக்கிப் பாப்பம்."

"தம்பி, உது பாரம், கவனம்," என்றார் தம்பிஐயா.

"ஐயா, நான் தூக்காத சைக்கிளே?"

ஸ்போட்ஸ் பைக்கின் பின்பக்கம் குளவியின் வால் மாதிரி மேல்நோக்கிக் கூர்ந்திருக்கும். பழைய சைக்கிளில் இருக்கிற மாதிரி வசதியான கைபிடி இல்லை. ஆழ்வாரண்ணை சீற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். மூச்சை இழுத்தார். தூக்கினார்.

சைக்கிள் எழும்பவில்லை. ஆழ்வாரண்ணையும் எழும்பவில்லை.

குனிந்தபடியே நின்றார். வீட்டுக்காரர் அவர் ஏதோ பார்க்கிறார் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் போனபின் தம்பிஐயா, "என்ன, ஒயில் ஒழுகுதோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா," என்றார் ஆழ்வாரண்ணை சீற்றைப் பார்த்தபடி. "நாரி பிடிச்சிட்டுது."

கதிரையில் இருத்திப் பார்த்தார்கள், இருக்க ஏலாது. பாயில் படுக்கப் போட்டுப் பார்த்தார்கள், படுக்க ஏலாது. நிமிர்ந்தால் இடுப்பில் உயிர் போகிற வலி. அரைக்கு மேலே முன்னால் மடிந்த ஒரே நிலையில்தான் அவருக்கு நிம்மதி இருந்தது. ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுகிற ஓட்டோ அன்று ஒரு சாமத்தியவீட்டுக்கு வாடகைக்குப் போயிருந்தது. ஐந்தரைக்குக் கடைசிப் பாதை. மணி ஐந்தாக ஐந்து நிமிடம். கோபிகா போய்த் தொண்ணூறை உதைத்துப் பார்த்தாள். ஏழு வரை எண்ணிப் பார்த்தாள். அது வேறு கால் என்று கண்டுகொண்டு பேசாமல் நின்றது.

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. சட்டைப்பையிலிருந்து கோபிகா எடுத்தாள். மனைவி மீனலோசனி.

"மாமி, மாமாவுக்கு நாரி பிடிச்சிட்டுது."

"தூக்கினவரோ?"

"ஓம் மாமி."

"சங்கக்கடையிலை ஒரு மா மூட்டையை அரக்கி வைக்க மாட்டார். ஊரார்ரை சைக்கிள் எண்டால் தூக்குவார்," என்றாள் மீனலோசனி, கோபமில்லாத குரலில். "என்னெண்டாலும் பாதையிலை ஏத்திவிடு பிள்ளை. நான் கொம்மாவையும் கூட்டிக்கொண்டு துறைக்கு வாறன்."

கனடாவிலிருந்து நிலக்ஷன் இன்னும் போனில்தான் இருந்தான். "அப்பா, திறப்பைக் குடுங்கோ. அக்கா எங்கடை சைக்கிளிலை கொண்டு போகட்டும். அவையின்ரை பழசு உங்கை நிக்கட்டும். நாளைக்கு வந்து கதைக்கலாம்."

தம்பிஐயா திறப்பை உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

கோபிகா ஏறி இருந்தாள். இரண்டு காலும் நிலத்தில் பதிந்தன, குதியோடு. பட்டனை அழுத்தினாள். உள்ளே நின்ற தம்பிஐயாவின் மனைவி வெளியே வந்து தூணைப் பிடித்தபடி, வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் எழும்பிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, "இதை நடுவிலை வையுங்கோ, அவர் பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்," என்றாள்.

ஆழ்வாரண்ணையை இரண்டு பேர் பின்னால் ஏற்றினார்கள். அந்தப் பின்சீற்று ஒரு முருங்கைக் கொப்பளவு உயரம், உள்ளங்கையளவு அகலம். அதில் இருப்பவர் விரும்பியோ விரும்பாமலோ முன்னால் மடிந்துதான் இருக்க வேண்டும். ஆழ்வாரண்ணை ஏற்கனவே மடிந்திருந்தார். தலையணையைக் கட்டிப் பிடித்தார். தாடையை அதன்மேல் வைத்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நாரி நோகவில்லை. கதிரை செய்யாததை, பாய் செய்யாததை, மனுசர் ஓடுகிற சைக்கிள் இல்லை என்று அவர் தள்ளிவைத்த அந்தச் சைக்கிள் செய்தது.

"மாமா, இருப்பு எப்பிடி?"

"நீர் ஓடும்," என்றார் தலையணைக்குள்ளிருந்து.

கோபிகா ஓடினாள். வாழ்க்கையில் முதல் தரம் ஸ்போட்ஸ் பைக், பின்னால் மடிந்த ஓர் ஆலோசகர், ஐந்தரைக்குக் கடைசிப் பாதை. முதல் வளைவில் கிளச்சைச் சட்டென்று விட்டதில் சைக்கிள் துள்ளியது. "கிளச், கிளச்," என்றது தலையணை. மூன்றாவது கியரில் சமநிலை வந்தது. துறையை நெருங்கும்போது இரண்டு பக்கமும் வெளி. சோளகம் நேரே பக்கவாட்டில் அடித்தது. சைக்கிள் ஒரு முழம் அசைந்தது. அவள் காற்றின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தாள். அது நேராகிவிட்டது.

"பாத்தீங்களே மாமா, காத்துக்கு நிக்குது."

"என்ரை பாரம் இருக்கு, அதுதான் நிக்குது."

துறையில் பாதை புறப்பட ஆயத்தமாக நின்றது. இறங்குதளம் சரிவு, கீழே ஈரம். பாதைக்காரர் கை காட்டினார். "அண்ணையை இறக்குங்கோ பிள்ளை. சைக்கிளை உருட்டித்தான் ஏத்த வேணும்."

"இறங்க ஏலாது தம்பி," என்றார் ஆழ்வாரண்ணை.

"ஏன்?"

"இறங்கினால் நிமிர வேணும்."

பாதைக்காரர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். பாதையில் நின்ற சனம் முழுவதும் பார்த்தது. "அப்ப என்ன செய்யிறது, அப்பிடியே ஏத்துங்கோ."

அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்ததுதான் உண்மையான சோதனை. ஆய்வுகூடத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைக்கிற கவனத்தோடு, கோபிகா எஞ்சினை நிறுத்தி, முதலாம் கியரில் கிளச்சைப் பிடித்து, முன் பிறேக்கைக் கொஞ்சம் விட்டுப் பிடித்து, இடது கால், வலது கால், இடது கால், வலது கால் என்று நிலத்தில் ஊன்றி ஊன்றி, சைக்கிளையும் ஆழ்வாரண்ணையையும் சரிவில் இறக்கினாள். அவர் மேலே தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, திருவிழாவில் வாகனத்தில் எழுந்தருளிய சுவாமி மாதிரி, ஆடி ஆடி இறங்கி வந்தார். ஒருவர் வழிவிட்டு ஒதுங்கினார். ஒரு கிழவர் பழக்க தோசத்தில் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார். சில்லு பலகையில் ஏறும் இடத்தில் சைக்கிள் ஒரு பக்கம் சரியப் பார்த்தது. அவளுடைய வலது கால் நிலத்தைப் பிடித்தது. சைக்கிள் நின்றது. அந்தக் கணத்தில் கோபிகாவுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. இது தன்னால் பிடிக்கக்கூடிய பாரம். மற்றதெல்லாம் பழகலாம்.

முடிவாகவேண்டிய இடத்தில் முடிவாக வேண்டியது மட்டும்தான் மிச்சம். அந்த இடம் பின்சீற்றில் இருந்தது.

பாதை நகர்ந்தது. மீன்பெட்டியோடு நின்ற ஒருவர் சைக்கிளைச் சுற்றி வந்து, "அண்ணை, புதுசோ? எடுக்கலாமோ உது?" என்று கேட்டார்.

இந்த இனத்துக்கு அந்தக் கேள்வி ஒரு மருந்து. ஆழ்வாரண்ணையின் தாடை தலையணையை விட்டு எழும்பியது. "எடுக்கலாமோ எண்டு பொதுவாய்க் கேக்கக் கூடாது. ஆர் ஓடுறது, எங்கை ஓடுறது எண்டு பாக்க வேணும். உமக்கு நாரி நோ இருக்கோ?"

"இருக்கு அண்ணை. மீன்பெட்டி தூக்கித் தூக்கி."

"அப்ப உமக்கு இது சரி. இதின்ரை இருப்பிலை ஒரு அமைப்பு இருக்கு. நாரியை அப்பிடியே தாங்குது. உவங்கள் சும்மா இல்லை, எல்லாம் டொக்டர்மாரைக் கேட்டுத்தான் செய்யிறாங்கள்."

கோபிகா கடலைப் பார்த்தபடி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்காவற்றுறைத் துறையில் மீனலோசனி நோ எண்ணெய்ப் போத்தலோடும், கேதீஸ்வரி முகத்தில் இரத்தமில்லாமலும் நின்றார்கள். கேதீஸ்வரி முதலில் மகளின் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், காயமில்லை. பிறகு நீலச் சைக்கிளைப் பார்த்தாள். பிறகுதான் பின்சீற்றில் இருந்தவரை.

"அண்ணை," என்றாள். "என்ன மாதிரி? எடுக்கலாமோ, ஏலாதோ?"

கோபிகாவின் வாயில் எத்தனையோ இருந்தன. மாமா தூக்கவில்லை அம்மா, சைக்கிள்தான் மாமாவைத் தூக்கியது என்று சொல்லலாம். ஓடினதும் நான், இறக்கினதும் நான், ஏற்றினதும் நான் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. சொல்லியிருந்தால் வாக்குவாதத்தில் வென்றிருப்பாள்; முதலாம் திகதி பட்டணத்தில் ஓர் அறையில் கண் விழித்திருப்பாள்; இந்த வீட்டில் தாய் தனியே விளக்கைக் கொளுத்தியிருப்பாள்.

"மாமாவுக்குத்தான் அம்மா தெரியும்," என்றாள். "அவரே பாத்தவர். அவரைக் கேளுங்கோ."

ஆழ்வாரண்ணை அவளைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அந்தப் பார்வையில், பதினேழு பேரிடமும் கிடைக்காத ஏதோ ஒன்று தனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஓம் தங்கச்சி. தாராளமாய் எடுக்கலாம். நான் ஏறி இருந்தே பாத்திட்டன்."

"காத்து?"

"காத்தெல்லாம் பாத்தாச்சு. பாத்துப் பாத்துத்தான் தெரிஞ்சது. உமக்குத் தெரியாதே, நான் சும்மா ஒண்டைக் காட்டுவனே?"

"இறங்குங்கோ, தெரிஞ்சவர்," என்றாள் மீனலோசனி. "எண்ணெய் பூசுவம்."

மறுநாள் பேச்சு முடிந்தது. தொண்ணூறு உருட்டப்பட்டே நாரந்தனைக்குத் திரும்பியது. முதலாம் திகதி விடியற்காலை கோபிகா புறப்பட்டபோது தாய் ஒழுங்கை வரை வந்து, சத்தம் வேலணைப் பக்கம் தேயும் வரை நின்றுவிட்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது கோபிகா பொன்னாலைப் பக்கம் சுற்றிக் காரைநகருக்குப் போய், தம்பிஐயா வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு தேத்தண்ணீர் குடிக்கிறாள். பத்து நிமிடம். அதற்குக் காரணம் அவளும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. ஆழ்வாரண்ணை இப்போது சைக்கிள் தூக்குவதில்லை. தன்னைப் பின்சீற்றில் ஏற்றி இருத்தச் சொல்லுகிறார்.

இனி உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. இவ்வளவையும் வாசித்துக்கொண்டு வந்தபோது, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி போதாதா என்று எங்கேயாவது நினைத்தீர்களா? புதிதாக ஓடுகிறவருக்கு நூற்றைம்பது கொஞ்சம் கூடுதல், நூற்றிருபத்தைந்தில் தொடங்கியிருக்கலாம் என்று? நூற்றைம்பது காணாது, ஒரு வருடத்தில் அலுத்துவிடும் என்று? இரண்டு வருடம் நின்ற சைக்கிளின் ரயரை ஒருவரும் பார்க்கவில்லையே என்று கையை உதறினீர்களா? நல்லது. ரயர் இரண்டையும் அவள் அடுத்த நாளே மாற்றிவிட்டாள். வேறு ஏதாவது சொல்ல இருந்தால், காலை ஐந்தேகாலுக்கு அவள் நாரந்தனைச் சந்தியைக் கடக்கிறாள். பிடிக்க முடிந்தால் சொல்லிப் பாருங்கள்.